மெழுகு தாங்கும் வரை

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம்
தீர்த்தகிரி வந்துவிடுவார்.
ராயக்கோட்டை ரோட்டில் பால் வண்டியே
விளக்குப் போட்டு ஊர்கிற நேரம்.
மலை இருக்கிற திசையில் மலை இருக்காது.

கருநீல டிசையர்.
சூளகிரி வரை மனை காட்டப் போய்வருகிற வண்டி.
நான் ஷட்டரைத் தூக்குமுன்பே
இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருப்பார்,
யாரும் படிக்காதபடி.

முன்கதவில் பொய்யன் என்று எழுதியிருக்கும்.
கைப்பிடிக்கு வெகு கீழே, என் முழங்கால் உயரத்தில்.
நின்று எழுதியிருந்தால் எழுதியது சின்ன ஆள்.
உட்கார்ந்து எழுதியிருந்தால்
அவசரப்படாமல் எழுதியிருக்கிறார்கள்.

முதல் வருஷமே நகத்தை ஓட்டிப் பார்த்தேன்.
தட்டவில்லை. மேல்பூச்சில் மட்டும்தான் கீறல்.
கடைசிப் புள்ளிதான் வேறு.
மொத்தக் கோபமும் அதில் இறங்கி
தகரம் தெரிகிறது.

அரை மணி மெஷின் போட்டால்
ஒரேயடியாகப் போய்விடும் சார், என்றேன்.
வேணாம்மா, மெழுகே போதும்.
அந்தப் புள்ளி துருப்பிடிக்காமல் பாத்துக்க.

சரி. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஷாம்பு போட்டுக் கழுவியபின்
வெறுங்கையால் தடவினால் நறநறக்கும்.
பர்கூர்ப் பக்கம் கல் அறுக்கிற தூசு
தண்ணீருக்குப் போகாது.
கிளேயைக் கேழ்வரகுக் களிபோல உருட்டித் தட்டி
ஈரத்தின் மேல் இழுக்க இழுக்க
கதவு கொஞ்சம் கொஞ்சமாக ஊமையாகும்.

புள்ளியில் தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு பெயின்ட்.
காய்ந்ததும் சீலன்ட்.
அன்று ராத்திரி வண்டி உள்ளேதான் கிடக்கும்,
பனி படக்கூடாது.
மறுநாள் பத்து மணி வெயில் வந்தபிறகு மெழுகு.
ஏதோ பிரேசில் பனையோலையில் சுரண்டியதாம்.
தன் ஈரம் போகாமலிருக்க
அந்த மரம் தனக்கே பூசிக்கொண்டது.
இங்கே நான் பூசுவது
வேறொருத்தர் கையெழுத்தின் மேல்.

குளிரில் சீக்கிரம் காயாது.
விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன்.
கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம்.
துடைக்கிறேன்.
பொ போகிறது. ய் போகிறது.
சாய்த்துப் பார்த்தாலும் தெரிவதில்லை.

தை முடியும்வரை தாங்கும்.
பொங்கலுக்கு யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது,
அந்த சீட்டில் உட்கார.
நான் கேட்டதில்லை.
பங்குனியில் ரவுண்டானா அருகே
அதே வண்டி என்னைத் தாண்டிப் போகும்.
வெயிலில் மெழுகு விட்டுப்போய்
முழுச்சொல்லும் வெள்ளையாகத் தெரியும்.
அவர் கண்ணாடியை இறக்கி
யாருக்கோ கை காட்டிக்கொண்டு போவார்.
அந்த எட்டு மாசம் அவருக்குக் கூச்சமே இல்லை.

இந்த வருஷம் மெழுகு போட்ட அன்று மாலை
அவர் வரவில்லை.
லோன் கட்டாத இன்னோவா ஒன்றை
பேங்க்காரர்கள் கொண்டுவந்து விட்டுப்போனதால்
டிசையரை வெளியே தள்ளினேன்,
சுவர்ப்பக்கம் திருப்ப மறந்து.

விடிய ஐந்தரை.
எனக்கு முன்னால் அவர் நிற்கிறார்,
மங்கி குல்லா, கையில் டீ.
ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி
மெழுகின் மேல் ஒட்ட முடியாமல்
கதவு நெடுக முத்து முத்தாக எழுந்து நின்றது.
எழுத்து ஒன்றும் இல்லை.
புள்ளிகள் மட்டும்,
ஒரு மொழியின் மெய்யெழுத்துக்கெல்லாம்
போதுகிற அளவு.

துடைக்கத் துணி எடுத்தேன்.
இரும்மா, என்றார்.

டீ ஆறுகிறவரை நின்றோம்.
ஓசூர் பஸ் ஒன்று அதிர்ந்து போனது.
கைப்பிடி அருகிலிருந்த ஒரு துளி நடுங்கி,
பக்கத்துத் துளியைச் சேர்த்துக்கொண்டு,
நேராகக் கீழே
அந்த இடத்தின் மேலேயே
ஓடியது.