முப்பத்தேழாம் பக்கம், இரு புறமும்

பெட்டி எண் பதினொன்றில்
ஒரே ஒரு தாளை மட்டும் எந்த வகையில் சேர்ப்பதென்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

உட்துறைமுக வீதி, கூட்டுறவுச் சங்கத்தின் மாடி.
இரண்டு அறை, ஆறு இரும்பு அலுமாரி,
உப்புக்காற்றுக்குப் பயந்து
ஒட்டி அடைத்த கடற்பக்கத்து யன்னல்.
கோட்டை மான்கள் படியடி வரைக்கும் வரும்.
கடதாசி என்றால் அவற்றுக்கு உயிர்.
போன ஆனியில் ஒரு கொம்பன்
காணி உறுதி ஒன்றின் உறையை முத்திரையோடு தின்றுவிட்டது.
உறையைத்தான். உறுதி தப்பியது.
அன்றிலிருந்து காவலாளி அமிர்தநாதர்
தடியோடுதான் தேநீர் குடிக்கிறார்.

சுகிர்தமலர் கொண்டுவந்தது ஒரு பிஸ்கற் பேணி.
"இவரின்ர தாத்தா அருளம்பலம்
கரிக் கம்பனியில லிகிதராம்.
வீட்டுக் கடதாசிதான். எறிய மனமில்லை."
மூடி துருவில் இறுகிக் கிடந்தது.
தேங்காயெண்ணெய் பூசித் திறந்தோம்.

உள்ளே வரவு இடாப்பு.
கம்பனியின் சொத்து. கம்பனிதான் இல்லை.
முப்பத்தேழாம் பக்கம்,
ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு, ஏப்பிரல் ஒன்பது.
முப்பத்தொரு பெயர். பெயருக்கு நேரே
சாய்வாக ஒரு 'வ'.
வந்திருக்கிறார்கள். ஏழு மணிக்கு முன்னமே வந்திருக்கிறார்கள்.
பிறகு விமானங்கள் வந்தன.
கூலிக் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமை.
லிகிதர் இடாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.
ஏனென்று எழுத
அதில் கட்டம் இல்லை.

யுத்தகாலத்தில் கடதாசிக்கும் பஞ்சம்.
அவர் மனைவி தையல்முத்து
தாள்களைத் திருப்பி வைத்துப்
பென்சிலால் வீட்டுக்கணக்கு எழுதியிருக்கிறாள்.
மண்ணெண்ணெய் அரைப்போத்தல். கூப்பன் அரிசி.
மகள் சாமத்தியப்பட்ட கிழமை
நல்லெண்ணெய் இரண்டு தரம்.
தீர்ந்த கடன்மேல் ஒரு கோடு,
அடிமட்டம் வைத்துக் கிழித்ததுபோல் நேராக.

முன்புறம் நிறுவனம். பின்புறம் குடும்பம்.
படிவத்தில் 'வகை'க்கு ஒரு கட்டம்தான்.
கொழும்புக்கு எழுதிக் கேட்டேன்.
"பொருத்தமானதைத் தெரிவு செய்க" என்று பதில் வந்தது.

செவ்வாயன்று கிண்ணியாவிலிருந்து நளீம் வந்தார்,
படகு இயந்திரம் திருத்துகிறவர்.
மூத்தாப்பாவின் பெயர் எங்காவது கிடக்குமா என்றார்.
கையுறை கொடுத்தேன்,
கிறீஸ் ஊறிய தடித்த விரல்களுக்கு அது ஏறவில்லை.
நானே புரட்டினேன்.
பத்தொன்பதாவது வரி: சேகு மதார். வ.

"கடலுக்குப் போனவர் திரும்பேல்ல எண்டுதான்
வீட்டில சொல்லுவாங்க" என்றார்.
'வ'வுக்கு மேலே, தொடாமல்,
விரலை வைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு, "மற்றப் பக்கம் பார்க்கலாமா?"

மங்கிய பென்சில். விளக்கைச் சரித்துப் பிடித்தேன்.
'நாற்பத்துநாலு தை. மதார் பெண்சாதியிடம்
முட்டை மூன்று. கடன் ஆறு சதம்.'
மேல்வரிக்குக் கோடு உண்டு. கீழ்வரிக்கும் உண்டு.
இதற்கு இல்லை.

நளீம் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"முட்டை வித்தவவா? ஆருமே சொல்லேல்லையே."
கொஞ்சம் பொறுத்து,
"அப்ப எங்கட வீட்டுக்கு ஆறு சதம் வரவேணும்."

சுகிர்தமலருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
மறுமுனையில் குக்கர் இரண்டு தரம் கூவிற்று.
"நாளைக்கு வாறன், அவரை நிக்கச் சொல்லுங்கோ."
காசோடா, முட்டையோடா, அது சொல்லவில்லை.

பிற்பகல் தாளைத் தூசி தட்டி உறையிலிட்டேன்.
'வகை' இன்னும் வெறுங்கட்டம்.
'நிலை' என்ற இடத்தில் எழுதினேன்:
விளிம்பு சிதைவு.
இராமபாணத் துளை நான்கு.
ஆறு சதம் நிலுவை.

மேலதிகாரி வந்தால் கோடு கிழிக்கலாம்.
பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.