இடைச்செருகல்

மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் நடுவே
ஓராண்டைச் செருகிக்கொண்டேன்.
அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை மட்டும்.
அதற்கென்று தனிப் பட்டம், தனித் தேர்வு.

பாலக்கோட்டில் யாருக்கும் விளங்கவில்லை.
"எத்தனை பேப்பர் போச்சு?" என்றார் தக்காளி மண்டிக்காரர்
கூடை எண்ணுவதை நிறுத்தாமல்.
"அரியரெல்லாம் இல்லீங்க" என்றார் அப்பா.
பிறகு வண்டியில் ஏறும்போது, மெல்ல,
"இல்லதானே?"

கண் வார்டிலிருந்து படம் அனுப்புகிறாள் நிறைமதி.
அடுத்த வருஷம் அவள் எனக்கு சீனியர்.
பழைய ஏட்டில் பின்னால் வந்த எவனோ
நுழைத்துவிட்ட பாட்டு மாதிரி இந்த வருஷம்.
எடுத்துவிட்டாலும் கதை ஓடும்.

தருமபுரி பெரியாஸ்பத்திரி, இரவு பதினொன்றரை.
தொப்பூர் கணவாயிலிருந்து
ஒரு லாரியும் கவிழ்ந்து வராத அபூர்வ ராத்திரி.
மாரண்டஅள்ளிப் பக்கமிருந்து ஆட்டோவில் பச்சியம்மாள்,
நாற்பத்தொன்று, இடது கணுக்கால்.
பத்து மணிக்குத்தான் மும்முனைக் கரண்ட்.
மோட்டார் போட வரப்பில் போனவள்.

கணவர் முனிவேல் கையில் கட்டிய யூரியா சாக்கு.
"செத்துருச்சுங்க, பயப்படாம பாருங்க."
நான் பார்க்கவில்லை.
பாம்பு சொல்வதைவிட ரத்தம் சொல்வது தெளிவு.

இரண்டு மில்லி.
காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாய்.
இருபது நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும்.
பிறகு சாய்க்கவேண்டும், ஒரே ஒரு தரம்.
உறைந்திருந்தால் நல்லது.
ஓடினால் விஷம் உள்ளே வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

காலுக்குக் கட்டை வைத்தாயிற்று,
கையில் ஊசி ஏற்றியாயிற்று,
டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாயிற்று.
மீதி எல்லாம் நிமிடங்கள்.

"மோட்டார நிறுத்தினியா?" என்கிறாள் பச்சியம்மாள்.
அவர் நிறுத்தவில்லை.
பங்காளிக்கு ஃபோன் போட்டு மடை மாற்றச் சொல்கிறார்.
அவள் முந்தானை முனையில் துப்புகிறாள்.
நான் அந்த முனையைப் பார்த்துவிட்டு
கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

"நீங்க டாக்டருங்களா?"
"படிக்கிறேன்."
"எத்தினியாவது வருசம்?"
எண் எதுவும் வாயில் வரவில்லை.
"நடுவுல" என்றேன்.

ஸ்டிரெச்சர் ஒன்று மேசையை உரசிக்கொண்டு போனது.
வளைவில் திரும்பும் பஸ்ஸில் குழம்புத் தூக்கைப் பிடிப்பதுபோல
இரு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்தேன்.
குழாயில் ஒன்றுமே நடக்கவில்லை.
பார்க்கிறவருக்கு அது வெறும் சிவப்பு.

இருபது.
சாய்த்தேன்.
ஓடியது,
புளி கரைத்த தண்ணீர்போல, அவசரமில்லாமல், முழுசாக.

"பத்து வயல்" என்றார் டியூட்டி டாக்டர்.
முனிவேல் முகம் வெளுத்தது.
"எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கர்தானுங்க..."
மருந்துக் குப்பியைக் கையில் காட்டினேன்.
இதுதான் வயல். காசு கிடையாது.
அவர் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார்.
பிறகு சாக்கின் மேலேயே உட்காரப் போய்
துள்ளி எழுந்தார்.

உள்ளே பொடி. தண்ணீர் விட்டு
உள்ளங்கைகளுக்கிடையே உருட்டவேண்டும்.
குலுக்கினால் நுரைத்துவிடும்.
பத்தையும் நானே உருட்டினேன்.
ஒவ்வொன்றும் கரையக் கரைய
ஜன்னலுக்கு வெளியே சேலம் பஸ்கள் போயின.

ஆறு மணி நேரம் கழித்து
இன்னொரு குழாய், இன்னொரு இருபது.
பச்சியம்மாள் தூங்குகிறாள். முந்தானை முனை காய்ந்துவிட்டது.
அதை மட்டும் நம்ப எனக்கு அனுமதியில்லை.
அப்பாவின் ஃபோன் பையில் அதிர்கிறது, எடுக்கவில்லை.

தரை துடைக்க வந்தவர் மேசையை நகர்த்தப் போனார்.
முனிவேல் எழுந்து குறுக்கே நின்றார்,
சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி.
"அசைக்காதீங்க.
ரத்தம் யோசிச்சிட்டிருக்குது."

பதினெட்டாவது நிமிடம்.