பத்து மில்லிகிராம்

மணற்காற்று மூன்றாம் நாளும் அடங்காத வாரத்தில்
பஹாஹீல் கிளினிக்கில் எழுதித் தந்தது.
இரவுக்கு ஒன்று.
பழுப்பாய், சட்டைப் பொத்தான் அளவு.

நல்ல மாத்திரை. பொய் சொல்லக் கூடாது.
நெஞ்சுக்குள் விசில் நின்றது.
மூன்றாம் தட்டுச் சாரத்துக்கு
நடுவில் நிற்காமல் ஏறினேன்.
தும்மல் இல்லாத ஒரு காலையில்
தேநீருக்கு வாசனை உண்டென்று
ஐந்து வருடம் கழித்துத் தெரிந்தது.

பிறகு கனவுகள்.
சாரக் குழாய்கள் வெந்த சேமியாவாய்த் தொய்யும்.
தரையில்லாத லிஃப்டுக்குள் நின்று
ஃபோர்மேன் வியாகுலம் என்பதைத் தப்பாக வாசிப்பார்.
திருத்த வாய் திறந்தால்
வாய் நிறைய சிமெண்டு.
கத்துவேன் போல. எனக்குத் தெரியாது.
கீழ்க்கட்டில் காஜா நிஜாமுக்குத் தெரியும்.

பகலிலும் ஏதோ கசிந்தது.
பேரின்பநாயகம் தட்டில் கரண்டி உரசியதற்கு
அவர் சோற்றைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன்.
அலைபேசியில் ரெஜினா
"மூச்சு எப்படி இருக்கு?" என்றாள்.
"செத்தா சொல்லி அனுப்புறேன்" என்றேன்.
என் வாயிலிருந்து அது வந்ததை
திரையின் மூலையில் இருந்த
என் சின்ன முகம் பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் என்றேன்.
சம்பளம் இரண்டு மாதமாய் நிற்கிறது என்றேன்.
இரண்டும் உண்மைதான்.
அதனால்தான் மூன்றாவதை யாரும் தேடவில்லை.

காஜா குபூஸ் வண்டி ஓட்டுபவன்.
எத்தனை கட்டு இறங்கியது, எத்தனை திரும்பியது,
எதையும் குறித்து வைக்கிற கை.
கார்கோ கம்பெனி நாட்காட்டியில்
நான் கத்திய இரவுகளுக்குப் புள்ளி வைத்திருந்தான்.
பதினேழு.
"மாத்திரை என்னைக்கு ஆரம்பிச்சே?"
முதல் புள்ளிக்குப் பத்து நாள் முன்னால்.

"டப்பாக்குள்ள ஒரு தாள் இருந்திருக்குமே?"
இருந்தது.
ஏ.சி.க்கும் ஜன்னலுக்கும் நடுவே
தூசு வராமல் மடித்துச் செருகியிருந்தேன்.
உருவினான்.
ஒரு பிடி பாலைவனம் தலையணையில் உதிர்ந்தது.

ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் ஆங்கிலம்,
எறும்பு ஊர்ந்த எழுத்து.
அரபியை அவன் பிழையில்லாமல் ஓதினான்,
பொருள் தெரியாமல்.
ஆங்கிலத்தை நான் எழுத்துக்கூட்டினேன்.
கெட்ட கனவு.
எரிச்சல்.
மனச்சோர்வு.
அடுத்த சொல்லை
இருவரும் உரக்க வாசிக்கவில்லை.

மறுநாள் அரைநாள் கூலி போனது.
டாக்டர் மனால் அந்த நாட்காட்டித் தாளையே
கேட்டு வாங்கி, விரல் வைத்து எண்ணினார்.
"இன்றிரவிலிருந்து வேண்டாம்.
முதல் கனவுக்கே வந்திருக்கலாம், நீ."
வேறு எழுதினார். ஊதா நிறம்,
காலையும் மாலையும் இழுக்க வேண்டியது.
நீலம் சட்டைப்பையில்,
மூச்சு முட்டும்போது மட்டும்.
எது எப்போது என்று
மலையாள நர்ஸ் என்னையே
இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

மிச்சம் மூன்று மாத்திரை.
"எனக்கும் மூக்கு ஒழுகுது, தாரும்.
எனக்குக் கனவே வாறதில்லை" என்றார் பேரின்பநாயகம்.
ஒரு தட்டுச் சோறு கடன்பட்டவன் நான்,
மறுப்பது கஷ்டமாய்த்தான் இருந்தது.
மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு
அவருக்கு அதே கிளினிக்கில்
டோக்கன் எடுத்து வந்தேன்.

இரண்டாம் வாரத்தில்
புள்ளி விழாத இரவுகள் வந்தன.
ரெஜினாவிடம் சொன்னேன், மாத்திரைதான் என்று.
"எல்லாமுமா?" என்றாள்.
இல்லை என்பது எனக்கும் தெரியும்.
பதில் தேடும் நேரத்துக்கு
ஊதாவை இழுத்து
பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கினேன்.
அந்தப் பக்கம் அவளும் பேசவில்லை,
எண்ணுகிறாள் போல.

வாய் கொப்பளித்துத் துப்பினேன்.
"என்ன சத்தம் அது?"
"இதுவும் தாள்ல எழுதியிருக்கு" என்றேன்.