மூன்றாம் கியருக்கு முன்

ருஸ்தாவியில் இன்று காற்று
தகரக் கதவை இரண்டு முறை பெயர்த்துப் பார்த்தது.
டயல் கேஜின் முள் நடுங்குகிறதே என்று
கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன்.
பிறகும் நடுங்கியது.
கைதான்.

சிசானாவின் ரொட்டி வேன்.
அமெரிக்காவில் எங்கோ வெள்ளத்தில் முங்கி,
கப்பலேறிப் போத்தித் துறைமுகம் வந்து,
சந்தைத் தரகர்கள் கைமாறி
பாதி விலைக்கு இவளிடம் சேர்ந்தது.
"இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது
எப்போதுமே ஒரு கணம் யோசிக்கும், கோச்சா.
இப்போது ரொம்பவே யோசிக்கிறது."
சொல்லிவிட்டு மேசைமேல் நான்கு ரொட்டி வைத்தாள்,
முன்பணம் போல, சுடச்சுட.

கியர்பாக்ஸைப் பிரித்ததும்
அடிப்பிடித்த பால் வாசம்.
புதிய உராய்வுத் தட்டுகளைச் சிவப்பு எண்ணெயில்
அரைமணி நேரம் ஊறப் போட்டேன்.
உலர்ந்த தட்டு பொய்யளவு சொல்லும்.
எஃகு ஒன்று, உராய்வு ஒன்று,
எஃகு ஒன்று, உராய்வு ஒன்று,
டிரம் கழுத்துவரை அடுக்கி
மேலே தடித்த தட்டு,
அதற்கும் மேலே ஸ்னாப் ரிங்.
நெம்பி உட்காரவைத்தால் 'டிக்' என்று ஒரு சொல்.
அந்தச் சொல்லுக்கு முன்னால் அளப்பது வீண்.

ஒரு மில்லிமீட்டர் இடைவெளி,
கூடக்குறையப் பத்தில் ஒரு பங்கு.
இதற்கு வேண்டியது அவ்வளவே.
குறைந்தால் தட்டுகள்
சும்மா இருக்கும்போதும் உரசி எரியும்.
கூடினால், அழைத்த பிஸ்டன்
வெறும் வெளியை நடந்து கடந்துதான்
வந்து சேர வேண்டும்.

ஃபீலர் கேஜை நுழைத்தேன்.
ஒன்று போயிற்று. ஒன்றரை போயிற்று.
இரண்டும் உள்ளே போய்த் தொளதொளவென்று ஆடிற்று.
டிரம்மைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன்.
மூன்று இடத்திலும் அதே இரண்டு.
தட்டுகளை வெளியே எடுத்து எண்ணினேன்.
எண்ணிக்கை சரி.
"எந்த மடையன் இந்தச் சோனி மேல்தட்டைப் போட்டான்?"
என்று உஷாங்கியிடம் கத்தினேன்.
மண்ணெண்ணெய்த் துணியால்
டிரம்மின் விளிம்பைத் துடைக்க வந்தவன்
பாதியில் நிறுத்தினான்.
விளக்கை என் பக்கம் தள்ளினான்.

ஆணியால் குத்திக்குத்தித் தட்டிய எழுத்து.
எங்கள் லிபியில் மூன்றாவது.
பக்கத்தில் வருடம்.
அதன் வாலை இத்தனை கோணலாக வளைப்பவன்
இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

பதினொரு குளிர்காலத்துக்கு முன்பு
ஏதோ ஒரு தரகனுக்காக.
தடித்த தட்டு அன்று கையில் இல்லாதிருந்திருக்கலாம்.
அல்லது அலமாரியில் இருந்து
எடுக்க நான் எழாமல் இருந்திருக்கலாம்.
அந்த வாரம் வீட்டில் சாவோ நோயோ
ஏதாவது இருந்ததா என்று யோசித்தேன்.
இல்லை.
இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.
"ஓடும்" என்று சொல்லியிருப்பேன்.
ஓடியும் இருக்கிறது.

உஷாங்கி பழைய தட்டுகளை
டப்பாவோடு கொண்டுவந்து கவிழ்த்தான்.
மைக்ரோமீட்டர் தாடைக்குள் ஒவ்வொன்றாகக் கடிக்கவிட்டு
ஏழாவதை எடுத்தேன்.
'டிக்.'
ஒன்று புள்ளி பூச்சியம் ஐந்து.
காற்றுக் குழலைத் துளையில் வைத்து அழுத்தினேன்.
'தொப்'.
காத்திருக்க ஒன்றுமில்லாத 'தொப்'.
பழைய எழுத்தை அரம்போட்டுத் தேய்க்கவில்லை.
அதற்குக் கீழே அளவை மட்டும் தட்டினேன்.

மூன்றாம் நாள் சிசானா திரும்ப வந்தாள்.
"வேன் யோசிக்கவே மாட்டேன் என்கிறது.
நாற்பதைத் தொட்டதும் என் கால் தானாகத் தூக்குகிறது,
வண்டி குலுங்கி
ரொட்டித் தட்டெல்லாம் முதுகில் வந்து இடிக்கிறது.
மகளுக்கும் அப்படித்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன்.
எல்லா வண்டியும் அப்படியே என்று
இத்தனை நாள் நினைத்திருக்கிறாள்."

கணக்குச் சீட்டைப் பார்த்தாள்.
மேல்தட்டுக்கு நேரே ஏன் கோடு என்றாள்.
முன்பு பூட்டியவன் சரியாக அளக்கவில்லை என்றேன்.
யார் அவன் என்றாள்.
ரொட்டி வாயில் இருந்தது.
மென்று விழுங்கும்வரை சமாளிக்கலாம்.
உஷாங்கி ஸ்பானர்களைத் தேவையில்லாமல்
அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.
"நான்" என்றேன்.

அவள் ஒரு கணம் எடுத்துக்கொண்டாள்,
மூன்றாம் கியருக்கு முன் வேன் எடுத்துக்கொண்டதே,
அந்த அளவு.
பிறகு சாவியைப் பொறுக்கினாள்.
"அடுத்த வாரமும் ரொட்டி வரும்.
காசு வாங்குவேன்."

தெருமுனை வரை சத்தம் சீராகப் போயிற்று.
அங்கே ஒரு குலுக்கல்.
கால்தான்.