பாரம் கொடுத்துப் பார்

மகெல்லன் நீரிணையைக் கடக்கும் படகில்
இரண்டு மணி நேரம்.
மடியில் எண்பத்துநாலாம் வருஷத்துக் கணினி.
எட்டு வரித் திரை. அடிவயிற்றில் நான்கு பேட்டரி,
புன்டா அரீனாஸ் துறைமுகப் பெட்டிக்கடையில்
சிகரெட்டுக்குப் பக்கத்தில் தொங்குமே, அந்த ரகம்.

கடல்மட்டக் கணக்கு எழுத எனக்கு இது போதும்.
வெயிலில் எழுத்து தெரியும்.
கையுறையோடு தட்டலாம்.
காற்றில் பறக்காத கனம்.
நினைவைக் காக்கும் குட்டி பேட்டரி மட்டும்
செத்து நாளாயிற்று.
பெரியது போனால் எல்லாம் போச்சு.

போகப்போவதைச் சொல்லாமல் இல்லை.
ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு உண்டு.
கறுப்புக்கண்ணாடி போட்டவள் கண்ணில்
அது என்றைக்குப் பட்டது?

நிரலைவிட்டுக் கேட்கலாமென்று உட்கார்ந்தேன்.
உள்ளே துழாவியதில்
அகப்பட்டது ஒற்றை பிட்.
ஒன்று என்றால் இருக்கிறது.
பூஜ்யம் என்றால் இல்லை.
எவ்வளவு என்ற கேள்விக்கு
அதைச் செய்தவர்கள் இடமே வைக்கவில்லை.

முதலில் எழுதியது நாலே வரி:
பூஜ்யம் வந்தால் பீப் அடி.
வந்தது.
அடித்தது.
அந்தச் சத்தத்துக்கே மிச்ச மின்சாரம் தீர்ந்து
திரை வெளுத்துப் போயிற்று.
திருடன் திருடன் என்று கத்தியே
தொண்டை வெடித்துச் செத்த காவல்காரன்.
போர்வெனீரில் இறங்கும்போது
காலை ஏழு மணி அளவுகள் என்னிடம் இல்லை.

சத்தத்தை எடுத்தேன்.
மூலையில் ஓர் எழுத்து மட்டும் தோன்றட்டும் என்றேன்.
அப்புறம், செலவைக் குறைக்க,
ரீசார்ஜ் பேட்டரி வாங்கிப் போட்டேன்.
அது வேறு சுபாவம்.
சாதா பேட்டரி முனகிக்கொண்டே
படிப்படியாய் இறங்கும்.
இது கடைசிவரை நிமிர்ந்து நடந்து
வாசற்படியில் விழும்.
எழுத்து தோன்றியபோது
கைவசம் ஒரு நிமிடம், அதுவும் சந்தேகம்.

என் தம்பி ஒவிடியோ பாரியா
இதே படகில் இயந்திர அறைக்காரன்.
எப்படி இருக்கே என்றால் நல்லாயிருக்கேன் என்பான்.
நவம்பரில் மருத்துவமனையில் படுக்கவைத்து எடுத்த
ஈசிஜியும் அதையே சொன்னது.
கோடு சுத்தம்.
தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு மதியம், அலை பெரிதாய் இருந்த நாள்,
விசை தவறிப்போய்
கேசட் ரிலே 'டிக்' என்று மூடிக்கொண்டது.
அந்த ஒரு டிக்கில் பிட் சரிந்தது,
உடனே எழுந்துகொண்டது.
கணினி ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தது.
நான் அப்படி இருக்க முடியவில்லை.

சும்மா கிடக்கையில் எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான்.
பாரம் கொடு. அப்போது கேள்.
நிரலை மறுபடி எழுதினேன்:
ரிலேயை மூடு, பிட்டைப் பார், திற, பொறு.
இப்படி ஏழு தடவை.
ஏழில் நான்கு பூஜ்யமானால்
யாரையும் கேட்காமல் சேமி.
சோதிப்பதற்கும் மின்சாரம் செலவுதான்.
அதனால் கால் மணிக்கு ஒரு முறை, அதற்கு மேல் இல்லை.
ஓயாமல் நலம் கேட்பவர்களும்
கொன்றுவிடுவார்கள்.

இன்று தெளிந்த வானம். கரை தெரிகிறது.
திரை மூலையில் ஏழுக்கு மூன்று.

தம்பியிடம் இப்போதெல்லாம் நலம் கேட்பதில்லை.
மாத்தே குடிக்கணும், சுடுதண்ணி கொண்டு வா என்று
ஏணி வாயில் குனிந்து கத்துகிறேன்.
இருபத்திரண்டு இரும்புப் படி.
பூட்ஸ் ஒலியை எண்ணுகிறேன்.

போன மாதம் பதினெட்டில் நின்றது.
இன்று பதினொன்றில்.

"என்னடா?"
"லேஸ் அவிழ்ந்துபோச்சு, கட்டிட்டு வர்றேன்."

அவன் பூட்ஸில் லேஸ் கிடையாது.

சேமித்துவிட்டு எழுந்தேன்.