மழைமானியில் ஒரு சிலந்தி

எங்கள் ஊரில் மழை பெய்வதில்லை.
பெய்ததே இல்லை என்று சொன்னால்
மிலென்கா சண்டைக்கு வருவாள்:
"நான் பிறந்த வருஷம் பெய்தது,
எங்கள் தகரக் கூரையில் நாலு ஓட்டை!"
சரி. ஒருமுறை பெய்தது.

அட்டகாமா பாலைவனம்
கடலில் கால் நனைக்கிற இடம் இது.
சிலி நாட்டு வரைபடத்தில்
பென்சில் முனையை வைத்தால்
ஊர் முழுக்க மறைந்துவிடும்.
எட்டு மீன்படகு, ஒரு பள்ளிக்கூடம்,
வாரம் இருமுறை தண்ணீர் லாரி.

பள்ளி முற்றத்தில் மழைமானி ஒன்று.
நாலாம் வகுப்பின் வானிலைப் பொறுப்பாளர்
யெர்கோ வுகாசோவிச், அதாவது நான்.
காலை எட்டுக்கு எட்டிப் பார்ப்பேன்,
நோட்டில் எழுதுவேன்:
மழை: பூஜ்யம்.
மறுநாளும் பூஜ்யம்.
அதற்கடுத்த நாளும் அதே முட்டை.
நூற்றுப் பதினோரு முட்டை ஆனபோது
"கோழிப்பண்ணை வைத்திருக்கிறாயா?"
என்று கேட்டாள் மிலென்கா.

ஜூலை விடுமுறையில்
யாரும் இல்லாத நேரம் பார்த்து
மானியின் வாயில் வலை கட்டிக்
குடியேறியது ஒரு சிலந்தி.
கலைக்க மனம் வரவில்லை.
வராத விருந்தாளிக்கு
வாசல் எதற்குத் திறந்திருக்க வேண்டும்?

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை
கமன்சாக்கா வந்தது.
எங்கள் மூடுபனிக்கு அதுதான் பெயர்.
இந்தக் கடல் சில்லென்ற கடல்.
மேலே போகும் ஈரக் காற்று
அதைத் தொட்டதும் சிலிர்த்து
வெள்ளையாகிவிடும்.
மேகம் என்றால் மேலே போகும் என்றுதானே
நினைத்திருக்கிறீர்கள்?
இது நடந்து வருகிற மேகம்.
கரையேறி,
மீன் காயும் கொடியை மோந்து,
நாய்க்குத் தெரியாமல் தெருவில் நுழைந்து,
பள்ளிக் கொடிக்கம்பத்தைப் பாதி விழுங்கியது.

மணி எட்டு. எட்டிப் பார்த்தேன்.
வலை முழுக்கக் கண்ணாடி மணிகள்!
ஒரு மணி பக்கத்து மணியைச்
சேர்த்துக்கொண்டது.
கனத்தது.
இன்னொன்றையும் சேர்த்தது.
நழுவியது.
டப்.

மானியின் அடியில்
ஒரு ஈ குளிக்கும் அளவுக்குத் தண்ணீர்.
கோட்டைப் பார்த்தேன்: அரை மில்லிமீட்டர்.

"மழை!" என்று கத்தினேன்.
"எங்கே மழை? எதுவும் விழவில்லையே"
என்றாள் மிலென்கா,
முடி நுனியெல்லாம் சொட்டச் சொட்ட.

அவள் சொன்னதும் சரிதான்.
மூடுபனித் துளி அத்தனை பொடிசு,
விழுவதற்குக்கூட எடை போதாது.
காற்றின் தோளில் தொற்றிக்கொண்டு திரியும்.
ஒரு மழைத்துளி ஆக வேண்டுமென்றால்
லட்சம், பத்து லட்சம் பேர்
கைகோத்தாக வேண்டும்.
இங்கே கைகோக்கக் கயிறு கொடுத்தது
எட்டுக்கால் எஞ்சினியர்.

மிலென்கா வலை ஓரத்து மணி ஒன்றை
விரலில் எடுத்து நக்கினாள்.
"கடலிலிருந்து வந்தது என்கிறாய்,
உப்பே இல்லையே!"

யோசித்தேன்.
வெயில் கூப்பிட்டால்
தண்ணீர் ஆவியாகிக் கிளம்பிவிடும்.
உப்புக்கு அந்தப் பறத்தல் தெரியாது.
கடலிலேயே உட்கார்ந்திருக்கும்,
மூட்டை முடிச்சோடு
பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.

இப்போது நோட்டில் என்ன எழுத?
மழை என்றால் பொய்.
பூஜ்யம் என்றால் அதுவும் பொய்.
அடிக்கோலை வைத்துப் புதிதாய் ஒரு கட்டம் போட்டேன்:
மழை: பூஜ்யம்.
சிலந்தி: அரை மில்லிமீட்டர்.

சனிக்கிழமை வகுப்பே மலையேறியது.
இரண்டு கம்பம், நடுவே ஒரு நைலான் வலை,
அடியில் நீளமாய் வெட்டிய குழாய்,
குழாய் முனையில் பெயின்ட் வாளி.
மறுநாள் காலை வாளியில்
முழங்கை நனையும் தண்ணீர்!
பாதியைத் தக்காளிச் செடிக்கு ஊற்றினோம்.
செடி வேரால் குடித்து
இலையால் மூச்சு விட்டது.
அந்த மூச்சு எங்கே போனதென்று
யாருக்குத் தெரியும்?
கடல் பக்கம் போயிருந்தால்
வியாழக்கிழமை திரும்பவும்
நாய்க்குத் தெரியாமல் வரலாம்.

எல்லோருக்கும் சந்தோஷம்,
சிலந்தி ஒன்றைத் தவிர.
காலையெல்லாம் காலை உதறிக்கொண்டு
மூலையில் முறைத்தபடி இருக்கிறது.
ஈ மாட்டக் கட்டிய வலையில்
மேகம் வந்து மாட்டினால்
அது என்னதான் செய்யும், பாவம்!