ஏழு நிமிடம்

பூக்களின் பெயர்களை நான் கற்றது
விஷக் கேனின் முதுகில்.
இன்னின்னவை சாகும் என்று
பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.
பாப்பி அதில் நான்காவது.

திரியெஸ்தே நகரசபையில்
பதினோரு வருடம் மருந்தடித்தேன்,
அதைத் தடைசெய்வதற்கு முன்பு.
தோளில் பதினைந்து லிட்டர், கையில் பித்தளைக் குழல்.
நடைபாதை விரிசலில் பச்சையாய் எது தெரிந்தாலும்
ஒரு விசிறல், தாளில் ஒரு கோடு.
தாளில் இரண்டே கட்டம்:
களை உண்டு. களை இல்லை.

முப்பத்தெட்டாம் எண் பேருந்து திரும்பும் மேட்டில்
தார் வட்டத்துக்கு நடுவே
ஒரு உடைந்த சிமெண்ட் தொட்டி.
சிகரெட் துண்டும் பியர் மூடியுமாகக் கிடக்கும்.
அந்த ஏப்ரலில் போனபோது
மண் கிளறி ஈரமாக இருந்தது.
யாரோ நாயைப் புதைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மே மாதம்
நாய் சிவப்பாக முளைத்தது.

குழலைத் தூக்கினேன்.
கருணையெல்லாம் இல்லை, காற்றுதான் எதிர்த்து அடித்தது.
போரா என்பார்கள் இங்கே அதை.
மலையிலிருந்து இறங்கி
குப்பைத்தொட்டிகளைக் கடல்வரை விரட்டும்.
அதில் மருந்தடித்தால் என் முகத்துக்கே வரும்.
திரும்பிவிட்டேன்.

அடுத்த முறை காற்றில்லை. சாக்குமில்லை.
சுவரோரம் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றேன்.
பேருந்து வந்தது, காலியானது.
ஓட்டிவந்த பெண் எஞ்சினை அணைத்துவிட்டு
இருக்கை இருக்கையாகக் குனிந்து
விட்டுப்போன பாட்டில்களைப் பொறுக்கினாள்.
ஒன்றில் அரை வாய், ஒன்றில் ஒரு மடக்கு,
ஒன்றில் எலுமிச்சைத் துண்டு.
எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொண்டுவந்து
தொட்டியில் ஊற்றினாள்,
ஊர் குடித்து மீதி வைத்த தண்ணீரை.
பல் ஒன்று வளைந்த கேண்டீன் முட்கரண்டியால்
மண்ணைக் கொத்தினாள்.

பிறகுதான் என்னைப் பார்த்தாள்.
என்னை அல்ல, கேனை.
சட்டையில் பெயர்: நெரீனா.
“அடிக்கப் போகிறீர்களா?”
“பட்டியலில் இருக்கிறது.”
“விதை கட்டட்டும். பத்து நாள்.”
கெஞ்சவில்லை,
அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஏழு நிமிட ஓய்வில் ஆறு போயிருந்தது.

களை இல்லை, என்று கோடு போட்டேன்.
பேனா எழுதவில்லை.
அழுத்தி இன்னொரு முறை போட்டேன்.
ஒரே பொய்யை இரண்டு தடவை.

பத்தாம் நாள்
காய்ந்த காய்களைப் பின்கதவுப் படியில் நசுக்கி வைத்தாள்.
கசகசாவைவிடப் பொடியான விதை.
வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள்,
மீன் கூடைக்காரர்கள்
மிதித்து ஏறி, மிதித்து இறங்கினார்கள்.
ஊர் தன் செருப்பாலேயே விதைத்தது,
தெரியாமல்.

மறு வசந்தத்தில்
இருபத்தொரு நிறுத்தங்களிலும்,
பின்கதவு திறக்கிற இடத்தில் மட்டும்
சிவப்பு.

மேற்பார்வையாளர் துல்லியோ எதையும் எண்ணிப் பார்ப்பவர்.
“இருபத்தொன்றிலும் களை இல்லையா?”
“அது பாப்பி.”
கேனைத் திருப்பினார்.
நான்காவது வரியில் விரல் வைத்தார்.
“நாளைக் காலை” என்றார்.

காலையில் கேனை மூன்று முறை கழுவினேன்.
குழாய்த் தண்ணீர் நிரப்பினேன்.
முப்பத்தெட்டில் ஏறி, டிக்கெட் எடுத்து,
பின்கதவோரம் நின்றேன்.
அவள் கண்ணாடியில் பார்த்தபடியே ஓட்டினாள்.
கடைசி நிறுத்தத்தில்
பதினைந்து லிட்டரையும் தொட்டியில் விட்டேன்.
வேலை செய்தது போலவும் ஆயிற்று,
வேறேதோ செய்தது போலவும்.

ஒரு வாரத்தில் தொட்டி மஞ்சளித்தது.
பிறகு பழுப்பு.
பதினோரு வருடம்
மூன்று கழுவலில் போகாது.

மற்ற இருபதும் பூத்துக்கொண்டிருந்தன.
அதைச் சொல்லி என்னைத் தேற்ற யாருமில்லை,
நானும் தேறவில்லை.
அவள் எதுவும் கேட்கவில்லை.
மண்ணை அள்ளிக் கொட்டி வேறு மண் போட்டிருந்தாள்,
எத்தனை ஏழு நிமிடங்களிலோ.

ஏப்ரலில் போனேன், கேன் இல்லாமல்.
வளைந்த முட்கரண்டி தொட்டியில் குத்தி நின்றது.
பக்கத்தில் இன்னொன்று,
புதுசு,
பல் எதுவும் வளையாமல்.